அப்பாவைப் படகில் ஏற்றிய நாள்

ஸ்ட்ரூகா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

என் கண்ணு பிசேராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புனித நவூமின் அருளால் நானும் உன் அப்பாவும் நலம், கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று போன வாரம் கோயிலில் உன் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறாய், நானும் "இங்கயும் நல்லாத்தான்டி" என்கிறேன், அதோடு முடிந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே தெரு முழுக்க மிளகாய் சுடுகிற வாசனை, எல்லா வீட்டு வாசலிலும் அடுப்பு. இந்த வருஷம் சிவப்பு மிளகாய் நல்ல சதைப்பற்று, சுட்டு அரைத்துக் கிளறி, உனக்கென்று அய்வார் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பூண்டு போடாமல். எதிர்வீட்டு வெலிகா படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், அந்தக் கட்டோடும் வந்து நின்று எனக்கு மிளகாய்த் தோல் உரிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போகிறாள். ஆக, ஊர் ஊராகத்தான் இருக்கிறது.

அப்பா கடலில் நீந்தப் போனதைப் பற்றி உனக்குப் பாதிதான் சொன்னோம். "கொஞ்சம் குளிரா இருந்துச்சு, திரும்பிட்டோம்" என்று அவர் போனில் சிரித்தார் அல்லவா, நடந்தது அதுவல்ல. நீ வடக்கே அவ்வளவு தூரம் ட்ரோன்ட்ஹைமுக்குக் கிளம்பிப் போன அந்த வருஷம்தான் அவர் ஏரியில் இறங்க ஆரம்பித்தார், உனக்கு நினைவிருக்கும். பஸ் ஓட்டுகிற வேலையும் முடிந்து, நீயும் போய், வீட்டில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. காலையில் துண்டை எடுத்துக்கொண்டு போவார், கரையில் காப்பி குடிக்கிறவர்கள் அக்கரையைக் காட்டி "நவூம், அடுத்த ஸ்டாப் எங்க? அல்பேனியாவா?" என்று கத்துவார்கள், இவர் "டிக்கெட் இல்லாதவன் வாயை மூடு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஒவ்வொரு வருஷமும் தூரம் கூடிக்கொண்டே போனது. இந்தக் கோடையில் அட்ரியாட்டிக் கடலில் லாஸ்தோவோ தீவிலிருந்து கோர்ச்சுலா தீவு வரை நீந்தப் போகிறேன் என்றார். போட்டி ஒன்றும் இல்லை, பரிசும் இல்லை, அவருக்கு அவரே வைத்துக்கொண்டது. கூடவே படகில் நான் போக வேண்டுமாம். வேறு யாரையும் நம்ப மாட்டாராம்.

படகில் இருக்கிறவருக்கு என்ன வேலை என்று வீட்டிலேயே எனக்குப் பாடம் நடத்தினார். தேன் கலந்த டீயைக் குப்பியில் ஊற்றிக் கயிற்றில் கட்டி வீச வேண்டும், அவர் குடித்துவிட்டு விடுவார், நான் இழுத்துக்கொள்ள வேண்டும். அவரைத் தொடக் கூடாது. நான் தொட்டாலோ அவர் படகைப் பிடித்தாலோ அன்றைய நீச்சல் அதோடு முடிந்தது, அதுதான் நெடுந்தூர நீச்சல்காரர்களின் சட்டம். இன்னொன்றும் சொன்னார். "குளிர் ஏறினா முதல்ல போறது கை காலு இல்ல மென்கா, புத்திதான். போயிடுச்சுன்னு எனக்கே தெரியாது. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவேன், நம்பாத. அப்பப்ப ஸ்கோப்யேல இருந்து நம்ம ஊரு வரைக்கும் வழியில இருக்கிற ஊர் பேரைக் கேளு. முப்பது வருஷம் ஓட்டின ரூட்டு. அது தப்பினா நான் என்ன கத்தினாலும் தூக்கிப் போடு." சமையலறையில், வயிறு நிறைந்த நேரத்தில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னார். நானும் சரி என்றேன்.

பழைய காரில் அல்பேனியா வழியாக, மொன்டினீக்ரோ வழியாகப் போனோம். வழியெல்லாம் அவர் மற்ற டிரைவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார், நான் முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கோர்ச்சுலாவில் யாக்ஷா என்ற மீன்காரர் வீட்டில் தங்கினோம், படகு அவருடையது. அந்த வீட்டில் உன் அப்பாவை எல்லோரும் நீச்சல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவர் பென்ஷன் வாங்குகிற டிரைவர் இல்லை. அந்தப் பேரைக் கேட்டு அவர் முதுகு எப்படி நிமிர்ந்தது தெரியுமா! எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இங்கே டாக்டருக்குப் படித்து முடித்த பெண், அங்கே முதியோர் இல்லத்தில் உதவிக்கு நிற்கிறாய், ஒருவரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. வெளியூர் போனால் சிலருக்குப் பேர் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது. ஆள் என்னவோ அதே ஆள்தான், கண்ணே. உன் அப்பா ஊருக்குத் திரும்பியதும் மறுபடி டிரைவர் நவூம் ஆகிவிட்டார், அவர் கை என்னவோ அதே கைதான்.

இருட்டிலேயே படகில் லாஸ்தோவோ போனோம், விடியும்போது அங்கே தண்ணீரில் இறங்கினார். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் பாதி முழுக்க அப்படி ஒரு அழகு, பிசேரா, இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவருக்கு இப்படி ஒரு உடம்பு இருப்பது எனக்குத் தெரியாது. ஊர் பேர் கேட்டபோதெல்லாம் "தேதோவோ, கோஸ்திவார், கீச்செவோ, இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கிண்டலாகப் பதில் வந்தது. யாக்ஷா என்னைப் பார்த்து "அக்கா, இவரு மீனா மனுஷனா? எதுக்கும் செதில் இருக்கான்னு பாத்துதான் கட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்தார். அந்த மகிழ்ச்சியில்தான் தப்பு நடந்தது. டீயை வீசினேன், "இப்ப வேணாம், நல்லா போய்க்கிட்டிருக்கு, நேரம் வீணாகும்" என்று தள்ளிவிட்டார். அடுத்த முறையும் அப்படியே. நல்லா போகும்போதுதான் குடித்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே சொன்னார், பசி தெரிகிற நேரத்தில் குடித்தால் அது வயிற்றுக்குப் போகுமே தவிர கைக்குப் போய்ச் சேராதாம். நீ டியூட்டி முடித்து வந்து சாப்பிடாமல் புத்தகத்தை விரிக்கிறாய் என்று உன் கூட இருக்கிற பெண் சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. தண்ணீர் கறுத்துச் சின்னச் சின்னதாகப் பொங்க ஆரம்பித்தது. அவர் கை வீச்சு குறைந்தது, ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, உதடு கத்திரிக்காய் நிறம். எப்படி இருக்கு என்று கேட்டேன், "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். ஊர் பேரைக் கேட்டேன். "தேதோவோ," என்றார். பிறகு "கோஸ்திவார்" என்றார். பிறகு மறுபடியும் கோஸ்திவார். நான் "அப்புறம்?" என்றேன். அவர் என்னை யாரோ பயணியைப் பார்க்கிற மாதிரி பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

யாக்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, கரை தெரியுது பாருங்க, அந்த வெள்ளை வீடு கூட தெரியுது, ஜன்னலை எண்ணலாம். தொட்டுறாதீங்க. நாளைக்கு மனுஷன் உங்களை மன்னிக்க மாட்டாரு" என்றார். அவர் சொன்னதும் உண்மை, ஜன்னல் தெரிந்தது, மாடியில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். இந்தக் கரைக்காக அவர் எத்தனை விடியலில் எழுந்து போனார் என்று எனக்கல்லவா தெரியும். நான் குனிந்து கையை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்துதான் தெளிவு வந்ததோ, "தொடாதே மென்கா!" என்று கத்தினார், என் பேரைச் சரியாகச் சொல்லிக் கத்தினார். ஒரு நொடி என் கை நின்றுவிட்டது. பேர் தெரிகிறதே, புத்தி இருக்கிறதே, விட்டுவிடலாமா என்று. அந்த ஒரு நொடியில் நான் நினைத்ததை எல்லாம் எழுத ஒரு கடிதம் போதாது. பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பச்சை மீனைப் பிடித்த மாதிரி சில்லென்று இருந்தது. யாக்ஷா அவர் இடுப்புத் துணியைப் பிடித்து, நான் அக்குளைப் பிடித்து, இரண்டு பேருமாக இழுத்துப் போட்டோம். அந்தத் துணி பாதி அவிழ்ந்து, அதற்கும் அவர் என்னைத்தான் திட்டினார்.

அன்று சாயங்காலம் யாக்ஷாவின் மனைவி மீன் சூப் கொடுத்தாள், குடித்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் கிளம்பினோம். மொன்டினீக்ரோ முழுக்க ஒரு டிரைவரைக் கூடத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அல்பேனியாவில் ஷ்கோதர் தாண்டி ஒரு காப்பிக் கடையில் வண்டியை நிறுத்தினார். காப்பி வந்தது, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னார், "மென்கா, உன் கை பட்டதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கரையைத் தொட்டிருந்தா கூட அப்படி இருந்திருக்காது. அப்படி இருந்ததுனாலதான் உன் மேல கோபம். தொடாதேன்னு கத்தினது நான்தான், உள்ள கெஞ்சினதும் நான்தான். எதை நீ கேட்டியோ தெரியல." அப்புறம் காப்பிக்காரரைக் கூப்பிட்டு, காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை போட்டார். எனக்கு உயிர் வந்தது.

இப்போது மறுபடி ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் லாஸ்தோவோ போவாரா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். யாக்ஷா செய்தி அனுப்பியிருந்தார், கடல் இடம் மாறவில்லை, வேண்டுமானால் வரச் சொல்லுங்கள் என்று. போகட்டும், போகாமல் இருக்கட்டும். உனக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அந்த ஊர் டாக்டர் தேர்வை மூன்றாம் முறை எழுது என்றும் சொல்ல மாட்டேன், விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன். தண்ணீரில் இருப்பது நீ. படகில் இருக்கிறவளுக்குத் திசை தெரியலாம், கை வலி தெரியாது. "நான் பாஸ் பண்ணின பிறகுதாம்மா நீ இங்க வரணும்" என்று போன வருஷம் சொன்னாய், நானும் வாயை மூடிக்கொண்டு குப்பி குப்பியாக அய்வார் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை போனை வைக்கிறதுக்கு முன்னால் நீ ஒன்று கேட்டாய். "ஷார்க்கோ சாப்பிட்டானாம்மா?" என்றாய். சாதாரணமாக, எப்போதும் கேட்கிற மாதிரி. நம் நாய் ஷார்க்கோ ஏப்ரலில் செத்துப்போனான் பிசேரா. அன்று நீ போனில் அழுத அழுகையில் அப்பா வெளியே எழுந்து போய்விட்டார், ஆப்பிள் மரத்தடியில் அவனைப் புதைத்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன், அதற்குப் பூ வைக்கச் சொன்னாய். நான் என்ன சொல்வேன்? "சாப்பிட்டான்டி" என்றேன். நீயும் "சரிம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்ன என்று கேட்டார், சொன்னேன். நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெரிய பயணப் பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர நாள் விட்டு, அடுத்த வார வியாழக்கிழமை உன்னிடம் புறப்படுகிறேன். வியன்னாவில் விமானம் மாற வேண்டுமாம், உன் அப்பா பஸ் மாறுகிற மாதிரிதான் என்கிறார், அவரும் ஏறியதில்லை, ஆனாலும் சொல்கிறார். தேர்வைப் பற்றி நான் பேச மாட்டேன், உன் புத்தகத்தை மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேன். சமைப்பேன், நீ சாப்பிடுகிறாயா என்று பார்ப்பேன், தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ போன் செய்து "வராதம்மா" என்று எவ்வளவு தெளிவாக, என் பேரைச் சொல்லிக்கூடச் சொன்னாலும் சரி, உள்ளே சொல்கிற இன்னொன்றைத்தான் கேட்பேன்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், புனித நவூம் உன் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், நீ நெடுநாள் நல்லபடி வாழ வேண்டும் என் தங்கமே. அப்பாவின் முத்தம் இரண்டு கன்னத்துக்கும். வியாழன் அன்று விமான நிலையத்துக்கு வர லீவு போடாதே, விலாசம் என்னிடம் இருக்கிறது, சாவியை மட்டும் உன் கூட இருக்கிற அந்தப் பெண்ணிடம் கொடுத்து வை. ஏதாவது ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு.

உன்னைச் சுமந்தவள்,
அம்மா மென்கா