குண்டு எகிறாமலிருக்க

அம்புஜத்தின் அப்பாவுக்கு,

நம் அம்புஜம் பாப்பாவின் கண்ணில் தையல் பிரிக்கப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சோறும் மோரும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடுங்கள்.

இரும்புக் குண்டு எகிறி அவள் கண்ணில் பட்டதற்காக, நம் கடையில் காசு போட்டுக் குண்டைத் தட்டி ஆடும் மெஷினை உடைத்துவிடாதீர்கள். அதனுள்ளே குண்டு மோதும் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் திருகிவிட்டேன். இனி குண்டு மோதினாலும் அவை உடையாது, குண்டும் எகிறாது. ஆட வரும் பீங்கான் கம்பெனி ஆட்கள் கேட்டாலும், மேல்கண்ணாடி மாட்டும்வரை ஆடவிடாதீர்கள்.

"கண்ணாடி இல்லாம ஆடவுட்ட பாவி" என்று நேற்று உங்கள் மேல் கத்திவிட்டேன். அவளோ, "அப்பாவத் திட்டாதம்மா, நாந்தான் குனிஞ்சு பாத்தேன்" என்கிறாள்.

பி.கு. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் தெரியாது. சாயந்திரம் நாங்கள் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அவளிடம் என்னால் தனியாகச் சொல்ல முடியாது.