காப்பி வடித்த கை

தெலுக் இந்தான், மலேசியா,
சனிக்கிழமை

அன்பு மகள் சியூ ஹுவாவுக்கு, சித்தப்பா எழுதுவது. லீட்ஸ் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் சித்தி நலம், கடைப் பூனை நலம், என் வலது கை மட்டும் நலமில்லை. இது இடது கையால் எழுதுவது. கோணலாக இருந்தாலும் பேராக் மாநிலத்திலேயே இடது கையில் இவ்வளவு அழகாக எழுத ஆள் கிடையாது.

ஏழு மாதம் உன்னிடம் மறைத்துவிட்டேன். காப்பி வடிக்கும் துணிப் பையில் வெந்நீரை உயரத் தூக்கி ஊற்றும்போது தோளில் சுருக்கென்றது. கிளினிக் சீட்டில் 'ஸ்ட்ரெயின்' என்று எழுதி, ஆறு வாரம் கையைத் தூக்காதே என்றார்கள். நம் கடையிலேயே குடியிருக்கும் ஜமாலுடின் வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். "தசை இழுத்துக்கிட்டாலும் அதான், காப்பி வடிகட்டினாலும் அதான், கண்ணு நோகப் படிச்சாலும் அதான், புருஷன் பொண்டாட்டி மூஞ்சிய திருப்பிக்கிட்டாலும் அதான்யா" என்றார். இத்தனைக்கும் ஒரே சொல் போதுமென்றால் பெரிய நோயாக இருக்காது என்று நினைத்தேன். அப்படியும் மூன்று நாள் படுத்தேன். உன் சித்தி கடையைப் பார்த்தாள், சுத்தம் என்று காப்பிப் பையைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள்! "என்னா தவுக்கே, துணி தொவைச்ச தண்ணியா இது?" என்று, எழுந்து வந்த முதலாளி என்னைப் பார்த்துக் கடையே சிரித்தது. அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டிவிட்டு நானே பையைப் பிடித்தேன், முன்னைவிட உயரமாக ஊற்றினேன்.

போன புதன் ஈப்போ பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், தோள் தசைநார் முழுக்க அறுந்து சுருங்கிவிட்டதாம், இனித் தைக்க முடியாதாம். உன் அப்பா போன பிறகு உன்னையும் அரிசி மூட்டையையும் ஒன்றாகத் தூக்கிய கை, இப்போது சீப்பைத் தூக்கவில்லை. சித்திதான் தலை வாரிவிடுகிறாள், ஒரு வார்த்தை பேசாமல். அவளுக்கு நீ போன் பண்ணு, உன்னிடம் பேசுவாள். நீயும் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்காதே, கழுத்து வலித்தால் படுத்துவிடு.

மாதக் கடைசியில் கடையை மூடுகிறோம். நேற்று எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். கை போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லையம்மா. "எம் பொண்ணு டிக்கெட் அனுப்பிட்டா, இனிமே அவ போட, நான் ஒக்காந்து குடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் கண் கலங்கிவிட்டார், விசாரிக்கிறேன் என்று உன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். நீ டிக்கெட்டெல்லாம் அனுப்ப வேண்டாம். அவர் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு.

நூறு வயது நன்றாக இரு. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே.

உன் சித்தப்பா,
ஹான் யோங் ஃபாட்