முதலைக்கு ஆகாத எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு, போர்ட் பிளேயரிலிருந்து முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அபர்டீன் பஜாரில் நான் வேலை பார்க்கும் ஃபிளெக்ஸ் கடையில் போன வாரம் சின்னத் தகராறு. பயப்படாதீர்கள், ஜெயித்தது நான்தான். இங்கே கடலிலும் முதலை வரும், அதனால் கடற்கரை ரிசார்ட்காரர் ஒருவர் 'முதலை உண்டு, கடலில் இறங்காதீர்' என்று பலகை கேட்டார். ரிசார்ட் பெயரைப் போலவே அதுவும் பிரஷ் எழுத்தில் வேண்டுமாம். எனக்கும் பிடித்த எழுத்துதான். தூரிகையை மையில் தோய்த்து ஒரே இழுப்பில் எழுதியதுபோலத் தடித்துத் தொடங்கி, வால் மெலிந்து முடியும். கல்யாணப் பத்திரிகைக்கும் புடவைக் கடைக்கும் அதை அடித்துக்கொள்ள வேறில்லை. முதலைக்கு ஆகாது என்றேன்.

"கஸ்டமர் கேட்டதைக் குடு. ஜாஸ்தி திமாக் ஓட்டாதே," என்று என் மூளைக்கு வேலை வைக்காமல் முதலாளி தானே பிரஷ் எழுத்தில் அடித்துக் கடை வாசலில் மாட்டினார். டீ கொண்டுவந்தவர் தூரத்திலிருந்து பார்த்துக் கல்யாண பேனர் என்றே நினைத்து, "யாரு வீட்டு ஷாதிண்ணே?" என்றார். அதைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, தடித்த நேர் எழுத்தில் சிவப்பாக நான் அடித்துக் கொடுத்தேன். ரிசார்ட்காரர் முறைத்துக்கொண்டே எடுத்துப்போனார்.

அவரிடம் மன்னிப்புக் கேள் என்கிறார் முதலாளி. கேட்க மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினாலும் ஊருக்குக் கப்பல் ஏற மாட்டேன். பஜாரில் இன்னும் நாலு கடை இருக்கிறது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. பருப்புப் பொடி அனுப்புங்கள். டப்பாவின் மேல் என் பெயரைத் தம்பி கம்ப்யூட்டரில் அடித்து ஒட்ட வேண்டாம், அம்மாவே கையால் எழுதட்டும். போன டப்பா காலியாகி மூன்று மாதம் ஆகிறது. அம்மா எழுதியது அழிந்துவிடும் என்று இன்னும் கழுவவில்லை.

முத்துச்செல்வி