எலுமிச்சை எரியாத இடம்

ஜூலை 6, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முகத்துக்கு வேலை. அடுத்த மாதம் கொழுந்தன் எரிக்கின் கல்யாணம். பார்லர் நமக்குக் கட்டுப்படியாகாது. சேலைக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் மனிஷா ஒரு பழைய முறை சொன்னாள்: பச்சைப் பாலில் துடைத்து, ஆவி பிடித்து, பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் தயிரில் குழைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து பூச வேண்டும். ஆவி பிடித்து நிமிர்ந்தால் முகமெல்லாம் வியர்வை. இடது கன்னத்தில் தேமல் மாதிரி வெளுத்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. மாவு பூசியதும் முகம் எரிந்தது. அங்கே எரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
இன்று அழகுக்காக இல்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் தொட்டு வைத்தேன். சுற்றிலும் சுரீரென்றது, நடுவில் ஒன்றுமில்லை. ஊசி முனையால் தொட்டேன். யாரோ ஒருத்தியின் கன்னம் போல இருந்தது.
ஃபோனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
நிம்மி முத்தம் கொடுக்க வந்தாள். பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்
தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாக வைத்துக்கொண்டேன். படுக்கையும் ஹாலில். நான் கோபமாக இருக்கிறேன் என்று டேவிஸ் நினைக்கிறார். "நான் என்ன பண்ணேன், ஜெனி?" என்றார். தலைவலி என்றேன். என் புருஷனிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. அத்தைக்குத் தெரிந்தால்? எரிக் கல்யாணம் நின்றுபோனால்? கடையில் வைத்துக்கொள்வார்களா? — நிம்மிக்கு வந்திருந்தா? அவ என் கன்னத்துலதானே கன்னத்த வச்சுத் தூங்குவா. ஏசுவே, எனக்கு என்ன வேணா வரட்டும். அவளுக்கு வேண்டாம்.

ஜூலை 16, புதன்
பாத்திரம் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். டேவிஸ் குழாயை மூடினார். "நாளைக்கு லீவு போடறேன். சேர்ந்தே போலாம்" என்றார்.

ஜூலை 17, வியாழன்
அரசு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொட்டார். தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். ஓரிடத்தை மட்டும் காட்டவே இல்லையாம். அந்த வார்த்தையை அவரே சொன்னார், ஜலதோஷம் என்பது போல. தொழுநோய். ஆரம்பம்தான், மாத்திரையில் குணமாகிவிடும், சாப்பிடத் தொடங்கினால் யாருக்கும் பரவாது, தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை என்றார். "ஹெதர்பேடம்மா" என்று கன்னடத்தில் சொல்லித் தோளில் கை வைத்தார். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?
வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மருந்து ஒரு வேளை கொடுக்க வேண்டுமாம். அப்படியானால் அத்தையிடம் சொல்லியாக வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு
நேற்று நிம்மியைக் காட்டினோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை!
இன்று டேவிஸ் தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 23, புதன்
அத்தை என்னிடம் பேசுவதில்லை. காலையில் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளியே போனவர் மதியம்தான் வந்தார். பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாரோ? மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜூலை 26, சனி
சுகாதார ஊழியர் மாதம்மா மருந்தோடு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியதுமே பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யார், என்ன என்று அந்த அம்மாள் விசாரித்தாள். அத்தை வெளியே வந்தார்.
"எம்மருமகளுக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து குடுக்க வந்திருக்காங்க" என்றார். ஜன்னல் மூடும்வரை அங்கேயே நின்றார்.
புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரை அத்தனை கேள்வி கேட்டது நீங்கள்தானே என்று மாதம்மா அத்தையிடம் சிரித்தார். அத்தை உள்ளங்கையை நீட்டி, எல்லோருக்கும் முன்னால் மருந்தை விழுங்கினார்.
பிறகு என் பக்கம் திரும்பி, "கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்தியா?" என்றார். இல்லை என்றேன்.
சாயங்காலம் இரண்டு பேரும் டெய்லரிடம் போய் வந்தோம். பஸ்ஸில் என்னை ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லி, பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.