கோபியின் புத்தகத்தை நான் படித்த விதம்

என்னங்க,

குக்கரில் சாதம் இருக்கிறது, ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். இந்தப் பௌர்ணமிக்கும் கிரிவலக் கூட்டத்தில் நம் மகன் கோபியைத் தேடப் போகிறேன்.

வருஷக்கணக்காக முடியாமல் வருகிற அந்த ஜப்பான் பேய்ப் படக்கதைக்காகத்தானே அவனைத் துரத்தினீர்கள்? அதில் அவன் கடைசியாக வாங்கிய புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷ் தெரியாததால் படம் பார்த்தே முடித்தேன். செத்துக் கிடந்த மகன் எழுந்து, அப்பாவோடு சண்டை போட்டு, பிறகு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆசையாகச் சின்னவள் நந்தினியிடம் சொன்னேன்.

"ஜப்பான் புத்தகத்த வலது பக்கத்துல இருந்து படிக்கணும்மா. நீ முடிவுல இருந்து படிச்சிட்ட."

அப்படியென்றால் சாப்பிட்டவன்தான் சண்டை போட்டு, வெளியே போய்ச் செத்திருக்கிறான். எப்படிச் செத்தான் என்று அதில் போடவில்லை.

கதவுக்குத் தாழ் போடாதீர்கள்.

வேதா

புத்தகம் டிவி பக்கத்தில் இருக்கிறது. நீங்களும் நான் படித்த பக்கத்திலிருந்தே படியுங்கள்.