பதில் அனுப்பாத கேசட்

29 ஜூலை 1990, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் நேற்று வந்த கேசட்டைத் திரும்பவும் போட்டுக் கேட்டோம். என் வீட்டுக்காரி ராஜபாய் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து இந்த ஒரு கேசட்தான் எங்களுக்குள் போய்வருகிறது. அவள் பேசி அனுப்புவாள். நாங்கள் கேட்டுவிட்டு அதன்மேலேயே பதில் பேசி அனுப்புவோம். அவளும் அப்படியே. அதனால் பழைய பேச்சு எதுவும் வீட்டில் மிஞ்சுவதில்லை. மிஞ்ச வேண்டும் என்று இதுவரை தோன்றியதும் இல்லை.

இந்தத் தடவை ஆஸ்பத்திரிக் கதை, கூட இருக்கும் பெண்களின் கதை எல்லாம் முடிந்து கடைசியில் என் மீன்குழம்புக்கு வந்தாள். "சாளையைப் போட்ட பொறவு கரண்டி போடப்பிடாது, கேட்டியளா? சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து. அவ்வளவுதான்." கடல் தாண்டிப் போயும் அடுக்களை அதிகாரத்தை விடவில்லை மகாராணி. டிசம்பரில் லீவில் வருகிறாளாம்.

ஷெமி டேப்ரிக்கார்டரில் காதை வைத்துக்கொண்டே, "அப்பா, பதில் பேசலாமா?" என்றாள். அடுத்த ஞாயிறு என்றேன். கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை, உடம்பெல்லாம் வலி.

2 ஆகஸ்ட், வியாழன்

குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்துவிட்டது. சாலை பஜார் முழுக்க ரேடியோச் சத்தம். பூட்டு கேட்டவருக்குக் கீல் எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

3 ஆகஸ்ட்

பக்கத்து வீட்டு விஜயலக்ஷ்மி டீச்சர் வீட்டுப் போனிலிருந்து எத்தனை தடவை சுற்றினாலும் லைன் இல்லை. "கிடைக்கும், மனசைத் தளர விடாதீங்கோ" என்று டீச்சர் காப்பி கொடுத்தார். குடித்தேனா?

5 ஆகஸ்ட், ஞாயிறு

பதில் பேசுவதாகச் சொன்ன ஞாயிறு. ஷெமி டேப்ரிக்கார்டரைத் துடைத்து வைத்துக் காத்திருந்தாள். தபால் போகாது மோளே என்றேன். "ஏன்?" என்றாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்ல? அங்கே தபாலாபீஸ் பூட்டியிருக்கிறது என்றேன். "நம்ம கடைல பூட்டு திறக்க சாவி இருக்குல்ல?"

14 ஆகஸ்ட்

ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வருவதுபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். ஒருத்தர், "ஆஸ்பத்திரியில புகுந்து..." என்று ஆரம்பித்தார். கையைப் பிடித்து எழுப்பி வாசலில் விட்டேன். மரியாதையில்லாதவன் என்று சொல்லட்டும். போய்ச் சொல்லட்டும்!

கடை முதலாளி பூதலிங்கம் அண்ணாச்சி, "வேலை செய்யாண்டாம் வே. சும்மா வந்து கல்லாப்பக்கம் இரும். வீட்டுல தனியா இருந்தா மண்டை கொழம்பிரும்" என்றார். வாயைத் திறந்தால் வசவுதான் வரும் மனிதருக்கு. அவர் இப்படிப் பேசியது இன்னும் பயமாக இருந்தது.

கேசட்டைத் தினமும் போடுகிறேன். "சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து" வந்ததும்தான் நிறுத்துகிறேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

நல்ல மழை. பயறு போட்டுக் கஞ்சி வைத்தேன். ஷெமி சுட்ட அப்பளத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக என்னைப் பார்த்து, "அப்பாக்கு மீசை மட்டும் தெரியுது" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம் இரண்டு பேரும். கஞ்சி அப்படி ருசித்தது.

பிறகு தட்டைக் கழுவும்போதுதான் நினைத்தேன், அவள் சாப்பிட்டாளா? தண்ணீராவது கிடைக்கிறதா? நான் எப்படிச் சிரித்தேன்? ஆனால் சிரிக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு கவளம் கூடுதலாகக் கிடைத்திருக்குமா என்ன? சீ, என்ன கேள்வி இது. ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

26 ஆகஸ்ட், ஞாயிறு

சாளை வாங்கினேன். குழம்பு கொதித்து, மீனைப் போட்ட நேரம் பார்த்து டீச்சர் வீட்டில் போன் மணி. கையில் கரண்டியோடு ஓடினேன். டீச்சருக்கு யாரோ டியூஷன் கேட்டு அடித்திருக்கிறார்கள். திரும்பி வந்து எரிச்சலில் கரண்டியைப் போட்டுக் கிண்டு கிண்டென்று கிண்டினேன். மீன் பொடிந்து கூழாகிவிட்டது. ஷெமி முள் குத்தி அழுதாள். நான் குளியலறைக்குள் போய்விட்டேன்.

30 ஆகஸ்ட்

போச்சு. எல்லாம் போச்சு.

கடையிலிருந்து வந்து கேசட்டைப் போட்டால், "ஹலோ அம்மா, ஷெமியாக்கும்" என்கிறது. ராஜபாய் இல்லை. அவள் குரலின்மேல் இந்தப் பிள்ளை பேசிப் பதிந்துவிட்டது. அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை, நிறுத்திவிட்டேன். "என்னடி செஞ்சே? ஒங்கம்மைக்க குரலுன்னு இருந்தது அது ஒண்ணுதானே! ஏண்டி தொட்டே?" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். ஷெமி அழக்கூட இல்லை. விழித்துக்கொண்டு நின்றாள்.

ராஜபாயின் போட்டோ இருக்கிறது, சேலை இருக்கிறது. எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும். இனி அவள் வராமலே போனால் எதைக் கேட்பேன்? கேசட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

1 செப்டம்பர்

ஷெமி என்னோடு பேசுவதில்லை. விடிந்ததும் டீச்சர் வீட்டுக்கே போய்விடுகிறாள். மாலையில் டீச்சர் என்னை மதிலண்டை கூப்பிட்டார்.

"குழந்தை என்ன சொல்றா தெரியுமா? பதில் பேசி அனுப்பினாத்தான் அம்மா அடுத்தது பேசுவாளாம். நீங்கோ அனுப்பவே இல்லையாம். அதனாலதான் அம்மா வரலையாம். எப்பவும் செய்யறாப்பல அதுமேலேயே பேசியிருக்கா. நீங்கதானே பழக்கினேள்?"

நான்தான் பழக்கினேன். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளியதும் நான்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முதலில் கழுத்தை விறைத்துக்கொண்டிருந்தாள். படி ஏறும்போது தோளில் சாய்ந்துவிட்டாள்.

4 செப்டம்பர்

ஓணம் வந்தது, போனது.

12 செப்டம்பர்

வித்துராக்காரர் ஒருவர் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தார். குவைத்திலிருந்து போன வாரம் வந்தாராம். ஜோர்டான் எல்லையில் பாலைவனத்துக் கூடாரத்தில் ராஜபாயைப் பார்த்திருக்கிறார். "சிஸ்டர் அங்க பிள்ளைகளுக்கு மருந்து குடுத்துட்டு நிக்கா. இந்த நம்பரைத் தந்து ஒங்களக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னா." உயிரோடு இருக்கிறாள். இருக்கிறாள்! போனை வைத்துவிட்டு டீச்சர் காலில் விழப் போனேன். அவர் பதறி நகர்ந்து அடுக்களைக்குள் ஓடினார்.

அது போன வாரம். இன்று எப்படி இருக்கிறாள்? சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

20 செப்டம்பர்

பம்பாயிலிருந்து போன். "நான்தான்" என்றாள். "ராஜி, ராஜி" என்று நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். "வண்டி ஏறுதேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

23 செப்டம்பர், ஞாயிறு

வந்துவிட்டாள். தம்பானூர் ஸ்டேஷனில் என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அடையாளம் தெரிந்தது. அவ்வளவு மெலிவு. கையில் ஒரு துணிப்பை. ஷெமி என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராஜபாய் அவளைப் பார்த்தாள், தொடவில்லை. ஆட்டோவில் கரமனை வீடு வரைக்கும் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

களைப்பு. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

28 செப்டம்பர்

சரியாகவில்லை. கேட்டதற்கு ம், ம்ஹூம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள், எதற்கும் ஒரு குறை சொல்வதில்லை. என் சமையலுக்குக் குறை சொல்லாத ராஜபாயா! அவள் உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. வந்தால் போதும் என்றுதானே ஜெபித்தேன்? அதுவும் கிடைத்தது. பிறகு ஏன் இந்தப் பயம் விடமாட்டேன் என்கிறது?

இன்று மத்தியானம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கூடாரத்துல ஒரு கைப்பிள்ளை. தாய்க்குக் காய்ச்சல், அதனால எங்கிட்டத் தந்தா. விடியும்போது என் மடியிலயே போயிட்டுது. நான் நர்ஸு. ஒண்ணும் செய்ய முடியல." அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய?

ஷெமியை ஏன் தூக்குவதில்லை என்று இப்போது புரிகிறது.

7 அக்டோபர், ஞாயிறு

காலையில் ஷெமி அலமாரிச் சாவியை என் தலையணைக்கடியில் இருந்து எடுத்திருக்கிறாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அவள் குரல் கேட்டது, டேப்பில். ஓடி வந்தேன். நிறுத்தப் போனேன். ராஜபாய் வேண்டாம் என்று கை காட்டினாள். ஷெமி அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹலோ அம்மா, ஷெமியாக்கும். அப்பா பதில் பேசல்ல, அதான் நான் பேசுதேன். நமக்க வீட்டுல மழை. அப்பாக்கு அப்பளத்து ஓட்டைல மீசை மட்டும் தெரிஞ்சுது. அப்பா குளிமுறியில பைப்பைத் திறந்து விட்டுட்டு கரையுதாங்க. எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு."

அழுவதை அவள் மலையாளத்தில் 'கரைவது' என்றுதான் சொல்வாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயில் பிரஷ் வேறு. டேப்பில் அவள் பள்ளிக்கூடக் கதை, டீச்சர் வீட்டுக் கதை என்று அம்மாவைப் போலவே நெடுநேரம் பேசிவிட்டுத்தான் மீன்குழம்புக்கு வந்தாள்.

"மீன்குழம்புல அப்பா கரண்டி போட்டுக் கிண்டிட்டாங்க அம்மா. எல்லாம் பொடிஞ்சு போச்சு. எனக்கு முள்ளு குத்திச்சு. நீ வேகம் வா. சரி, வைக்கேன்."

டக்கென்று ஒரு சத்தம். ஒரு நொடி இரைச்சல். பிறகு, "…கரண்டி போடப்பிடாது, கேட்டியளா? சட்டியைப் பிடிச்சு ஒரு சுத்து. அவ்வளவுதான்."

முழுதும் அழியவில்லை! பிள்ளை பேசி முடித்த இடத்துக்கு அப்புறம் ராஜபாயின் குரல் மிச்சம் இருந்திருக்கிறது. நான் முட்டாள், பூட்டி வைத்திருக்கிறேன்.

ஷெமிதான் முதலில் சிரித்தாள். ராஜபாய் டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான். ஆனால் சிரிப்பும் கூடவே வந்தது, இரண்டையும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஷெமியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஷெமிக்க அப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு சொல்லியுமா கரண்டி போட்டிய? பிள்ளைக்கு முள்ளு வேற குத்த விட்டிருக்கிய. போங்க, போய் சாளை வாங்கிட்டு வாங்க. நல்லதாப் பாத்து வாங்குங்க."

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். மார்க்கெட்டில் சாளை தீர்ந்துவிட்டது. நெத்தோலிதான் கிடைத்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.