கறுப்பாய் விழுந்த வயல்

2007 நவம்பர் 22, வியாழன். மாத்தளை.

நாளை நடக்கும் வரட்சி நிவாரணக் கூட்டத்துக்கான படத்தை இன்று குணசீலன் சேர் எனக்குக் காட்டினார். செய்மதி மைக்ரோவேவ் அலையால் எடுத்த, பல்லேகமப் பகுதியின் படம். ஈரமண் அதில் வெளிறித் தெரியும், காய்ந்த மண் கறுத்துத் தெரியும்.

"பாருங்க, ஆத்தோரம் பூரா கறுப்பு. சரியான வரட்சி. நான் அப்பவே சொன்னேனில்ல?"

அது வரட்சியில்லை. உழவுக்குத் தண்ணீர் கட்டிய வயல். தேங்கி நிற்கும் தண்ணீரும் கறுப்பாகத்தான் விழும். செய்மதி கடந்த அன்று முழங்கால் சேற்றில் நின்று மண் எடுத்தவன் நான். அவர் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை.

அன்று திரும்பும்போதுதான் தம்புள்ளைச் சோதனைச் சாவடியில் மண்ணின் ஈரம் அளக்கும் என் ஈரமானியை இராணுவத்தினர் தூக்கிப் பார்த்தார்கள். யுத்த நேரத்தில், தமிழன் கையில் வயரும் பற்றரியுமாக இருந்தால் சும்மா விடுவார்களா? என்னவென்று அவரிடம்தான் கேட்டார்கள். அவரும் தமிழர், என் மேலதிகாரி. எனக்குத் தெரியாது என்று அழகான சிங்களத்தில் சொன்னார். ஜீப் போய்விட்டது. என்னை மறுநாள்தான் விட்டார்கள்.

"படம் சரிதானே?" என்று இன்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க சேர்" என்றேன்.

நாளை அந்த வயற்காரர்களும் வருகிறார்கள், காலில் சேறு காயாமல். அவர்கள் முகத்துக்கு நேரே வரட்சி என்று வாசிக்கட்டும். மெய்யாகவே காய்ந்து கிடக்கும் லக்கலவில் காடு வெட்டி, மழையை நம்பிச் சேனைப் பயிர் செய்பவர்களுக்கு நிவாரணம் தட்டிப்போனால்... அதை இப்போது நினைக்கப் போவதில்லை.

எல்லோரும் சிரித்து முடித்ததும் அவர் என் பக்கம் திரும்புவார். நானும் அழகான சிங்களத்தில் சொல்வேன், எனக்குத் தெரியாது என்று.